கடல் உள்ளே வந்த அன்று நீ எங்கே இருந்தாய்?

கடலூர்,
28.1.2025

அன்புள்ள செல்வம்,

நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? பொங்கலுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. போன் போட்டால் 'மீட்டிங்டா' என்கிறாய். கடிதம் என்றால் நடுவில் கட் பண்ண முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன். டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோது உங்கள் பழைய தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, அம்மாவிடம் சொல்லிவிடு.

ராஜி மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பந்தியில் பாபு ஆரம்பித்துவைத்தான். "சுனாமி அன்னைக்கு நானும் செல்வமும் சில்வர் பீச்சுலதான் நின்னோம், சேர்ந்துதான் ஓடினோம்" என்று அடித்துச் சொல்கிறான். ராஜியோ, "செல்வம் அப்போ திருப்பாப்புலியூர்ல காய் வாங்கிட்டு இருந்தான், சேதி கேட்டுத்தான் தேவனாம்பட்டினம் போனான்" என்கிறான். மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி இரண்டு பேரும் சத்தியம் செய்கிறார்கள்!

நான் இருந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மஞ்சக்குப்பத்தில் பங்க்சர் கடை. கடைக்காரர் என் வண்டி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பீச் ரோட்டுப் பக்கமிருந்து முதலில் இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். காலில் செருப்பில்லை. இடுப்புவரை நனைந்த புடவை, தலைமுடியெல்லாம் மணல். ஒருத்தி கையில் மீன் கூடை இல்லை, சும்மாடு மட்டும் இருந்தது. "கடல் உள்ள வந்துடுச்சு, ஓடுங்க" என்றாள். யாரும் அசையவில்லை. வானத்தில் மேகம் இல்லை, காற்று இல்லை, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றவில்லை. கூண்டு ஏற்றாமல் கடல் எப்படி வரும்? நமக்குத் தெரிந்த கடல் அப்படித்தானே. அப்புறம் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கடைக்காரர் டியூபைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்தார். அவர் பையன் பீச்சுக்குக் கிரிக்கெட் ஆடப் போயிருந்தான். கல்லூரி மாடியில் ஏறித் தப்பித்துவிட்டான். கூடப் போன பிள்ளைகளில் சிலர் திரும்பவில்லை.

எனக்குத் தூக்கம் வராத இடம் இதுவல்ல, செல்வம். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம். சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது காலை 6.29க்கு. நம் கரையில் அலை ஏறும்போது எட்டரை தாண்டிவிட்டது. மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் அது நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, நாம் ஞாயிற்றுக்கிழமைதானே என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் கடல் புகுந்த சேதி அதற்குள் இந்தப் பக்கம் வந்துவிட்டது. கரைக்கு வந்து சொல்ல ஆளில்லை, அதற்கென்று ஓர் ஏற்பாடும் இல்லை. சொல்லியிருந்தால் ஓடியே தப்பித்திருக்கலாம். நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். ஹைதராபாதில் எச்சரிக்கை மையம் வந்தது 2007ல். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

2012 ஏப்ரல் நினைவிருக்கிறதா? மறுபடி சுமத்ரா பக்கம், 8.6. தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. ஆனால் சேதி வந்தது, ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள். 2004ஐப் பார்த்தவர்கள்தான் முதலில் ஓடினார்கள். இப்போது பீச்சில் செல்பி எடுக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் சங்கு பொறுக்க இறங்குவார்களோ என்று பயமாக இருக்கிறது. வருஷா வருஷம் டிசம்பர் 26 அன்று கடலில் பால் ஊற்றுகிறோம், சரி. என்ன நடந்தது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

நாம்தான். அதுவும் சீக்கிரம். 1986ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, 'கேள்விப்பட்டபோது எங்கே இருந்தீர்கள்' என்று உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம் எழுதி வாங்கிவைத்தார். சில வருடம் கழித்து அதையே திரும்பக் கேட்டால், பலர் சொன்னது முதலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. சொந்தக் கையெழுத்தைக் காட்டிய பிறகும் இப்போது சொல்வதுதான் சரி என்று நின்றார்களாம். பாபு பொய் சொல்லவில்லை, அவன் மனசு உன்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டது. நமக்கோ இருபது வருடம் ஓடிவிட்டது, ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை.

அன்று மதியம் நீ தேவனாம்பட்டினத்திலிருந்து திரும்பியபோது சட்டை முழுக்கச் சேறு. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாய், ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். காலையில் எங்கே இருந்தாய், யார் சொல்லித் தெரிந்தது, உள்ளே போய் என்ன பார்த்தாய், யார் யாரைத் தூக்கினாய்? முடிந்தவரை எழுது. எழுத முடியாததை விட்டுவிடு. பாபுவும் ராஜியும் தனித்தனியாக எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்ட மாட்டேன். எல்லாம் சேர்ந்ததும் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். உன் பெயர் வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன்.

ராஜி வீட்டில் உன் பேரில் 1001 ரூபாய் மொய் எழுதிவிட்டேன், அடுத்த முறை வரும்போது தா. மாசி மகத்துக்காவது வந்து சேர்.

அன்புடன்,
குமார்