40 எழுத்தும் ஒத்துப்போச்சு மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

தீபாவளிக்கு நீ அனுப்பிய செய்திக்கே இன்னும் பதில் போடவில்லை, தெரியும். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். வீட்டுச் சேதி அவ்வளவுதான். போன வாரம் மூன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன்னைத் தவிர வேறு யாருக்கு இது புரியும்?

எங்கள் சர்வர் புரோகிராம் ஒரு வாடிக்கையாளர் இடத்தில் பத்து நாளைக்கு ஒரு தடவை விழுந்துகொண்டிருந்தது. கோர் டம்ப் (விழுந்த நொடியின் நினைவகப் பிரதி) வாங்கி, பிழை தேடும் கருவியான ஜிடிபியில் திறந்து பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) கேட்டால், மேலிருந்து கீழ்வரை வெறும் முகவரியும் இரண்டு கேள்விக்குறியும்தான். சரி, ஃபங்ஷன் பெயரும் வரி எண்ணும், அதாவது டீபக் தகவல், இருக்கும் டிபிஜிசிம் பேக்கேஜை எடுத்துப் போட்டால் தீர்ந்தது என்று எங்கள் பேக்கேஜ்கள் இருக்கும் ரெப்பாசிட்டரிக்குப் போனேன். அப்படி ஒரு பேக்கேஜே அங்கே இல்லை!

2015 வரைக்கும் டெபியன் லினக்ஸில் நாம் இந்த மாதிரி ஒவ்வொரு டிபிஜி பேக்கேஜையும் கண்ட்ரோல் ஃபைலில் கையால் எழுதிக்கொண்டிருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வருடம் டிசம்பரில் பேக்கேஜ் கட்டும் கருவியான டெப்ஹெல்பரே தானாகச் செய்ய ஆரம்பித்ததும் "இனிமே இந்தக் கவலையே இல்லடா" என்று டீக்கடையில் சத்தியம் பண்ணியவன் நீ. ஆனால் அதில் டீபக் தகவலைப் பிரிக்கும் டிஎச்_ஸ்ட்ரிப் வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது. பைனரி, அதாவது கம்பைல் ஆன புரோகிராம், அதன் கைக்கு வரும்போது டீபக் தகவல் உள்ளே இருக்க வேண்டும். இருந்தால்தான் ஆப்ஜ்காப்பி என்ற கருவியை வைத்து அதைத் தனி ஃபைலில் எடுத்துவைத்துவிட்டு, அப்புறம் பைனரியிலிருந்து அதைச் சுரண்டி எடுக்கும். எங்கள் மேக்ஃபைலில் (பில்ட் கட்டளைகள் இருக்கும் ஃபைல்) எந்தக் காலத்திலோ யாரோ இன்ஸ்டால் கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு '-எஸ்' சேர்த்து வைத்திருக்கிறார்கள். கம்பைலர் 35 எம்பிக்குக் கொடுத்ததை அந்த ஒற்றை எழுத்து 3 எம்பியாகச் சுரண்டி வைத்துவிட்டது. டிஎச்_ஸ்ட்ரிப் வந்து பார்த்தபோது எடுக்க ஒன்றும் மிச்சமில்லை, அதுவும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டது. பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பில்ட் பச்சையாகவே முடிந்திருக்கிறது, வருடக்கணக்கில்.

காப்பாற்றியது பில்ட்-ஐடி. பைனரியை ஒன்றுசேர்க்கும் லிங்கர், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட 20 பைட் ஹாஷ் ஒன்றை (ஹெக்ஸில் எழுதினால் 40 எழுத்து) அதன் நோட் பகுதியில் எழுதுகிறதே, அதைச் சுரண்டல் (ஸ்ட்ரிப்) தொடுவதில்லை. அதனால் வாடிக்கையாளரிடம் இருக்கும் சுரண்டிய பைனரியிலும் பழைய அடையாளம் அப்படியே இருக்கிறது. அதே சோர்ஸை மறுபடி பில்ட் பண்ணி அதே அடையாளம் வந்துவிட்டால், புதிதாகக் கிடைக்கும் டீபக் தகவலைப் பழைய கோர் டம்போடு சேர்த்துப் படிக்கலாம். நினைத்துப் பார்க்கச் சுலபமாகத்தான் இருந்தது.

முதல் ராத்திரி '-எஸ்'ஐ எடுத்துவிட்டு என் மெஷினில் பில்ட் பண்ணினேன். ஐடி முதல் எழுத்திலேயே வேறு. கம்பைலர் அப்டேட் ஆகியிருந்தது. பழைய லாகில் இருந்த வெர்ஷன்களைப் பார்த்து, பழைய பேக்கேஜ்களை வைத்திருக்கும் டெபியனின் ஸ்னாப்ஷாட் தளத்திலிருந்து அந்தத் தேதிக்கான ஜிசிசி, பின்யூட்டில்ஸ், லைப்ரரிகள் எல்லாவற்றையும் இறக்கி ஒரு க்ரூட் (மெஷினுக்குள் தனி லினக்ஸ் சூழல்) கட்டினேன். இரண்டாம் ராத்திரியும் ஒத்துப்போகவில்லை. பைனரியைப் பிரித்துக் காட்டும் ஆப்ஜ்டம்பில் இரண்டு பைனரிகளின் நிரலும் அச்சு அசல் ஒன்றுதான், ஆனாலும் ஐடி வேறு! மூன்றாம் ராத்திரிதான் பொறி தட்டியது. ட்வார்ஃப் என்ற வடிவில் எழுதும் டீபக் தகவலுக்குள் பில்ட் நடந்த டைரக்டரியின் பெயரும் போகிறது, ஹாஷ் போடும்போது அதுவும் கணக்கில் வருகிறது. அந்தப் பாதையை மாற்றி எழுதும் கம்பைலர் கொடியை (ஃப்ளாக்) டெபியன் கொடுத்தாலும், அந்தக் கொடிகள் இருக்கும் சிஃப்ளாக்ஸை எங்கள் மேக்ஃபைல் மேலே எழுதி அழித்துவிடுகிறது. பில்ட் சர்வரில் இருந்த அதே பாதையை க்ரூட்டுக்குள் உண்டாக்கி மறுபடி ஓட்டினேன்.

மணி நாலேகால் இருக்கும். இரண்டு ஐடியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். 40 எழுத்தும் ஒன்று. டீபக் ஃபைலைக் கொண்டுபோய், முதல் இரண்டு எழுத்தில் ஒரு ஃபோல்டர், மீதி 38 எழுத்தில் ஃபைல் பெயர் என்று வைத்துவிட்டு ஜிடிபியைத் திறந்தால், கேள்விக்குறி இருந்த இடத்திலெல்லாம் ஃபங்ஷன் பெயர்கள்! இணைப்பை மூடி நினைவகத்தை விடுவித்த பிறகு இன்னொரு த்ரெட் அதே பாயின்டரைத் தொடுகிறது. வரி எண்ணோடு காட்டியது. சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம் மாப்ளே. அந்தப் பழைய பில்ட் லாக் அழிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? எந்த வெர்ஷனில் கம்பைல் ஆனது என்றுகூடத் தெரிந்திருக்காது. மறுநாள் மீதிப் பேக்கேஜ்களையும் பிரித்துப் பார்த்தேன். இன்னும் நான்கில் இதே கதை. இரண்டில் '-எஸ்', ஒன்றில் டீபக் தகவலைச் சேர்க்கும் '-ஜி'யே இல்லை, இன்னொன்று கோ மொழியில் எழுதியது, அதன் லிங்கர் கொடியிலேயே சுரண்டல். இப்போது டிபிஜிசிம் பிறக்காவிட்டால் பில்ட் தோற்க வேண்டும் என்று சிஐயில் (தானாக பில்ட் பண்ணும் அமைப்பு) விதி போட்டுவிட்டேன். வெளியே போகும் ஒவ்வொரு பில்டின் டீபக் ஃபைலையும், பில்ட்-ஐடி கேட்டால் எடுத்துக் கொடுக்கும் டீபக்இன்ஃபோடி சர்வர் வைத்துக் காப்பாற்றப் போகிறோம். அதிகம் பேசாத நம்ம ஊமையன்கூட வாயைத் திறந்து சரி என்றான், பார்த்துக்கொள்!

உன் ப்ராஜெக்டின் மேக்ஃபைலை நான் பார்த்திருக்கிறேன், அதிலும் ஒரு இன்ஸ்டால் வரி உண்டு. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன், லேப்டாப்பைத் திறந்து வை. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
மாப்ளே