காது ஆபரேஷனும் கொண்டை ஊசி வளைவுகளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மனைவிக்குச் சேலத்தில் செவிப்பறை ஓட்டையை அடைக்க ஆபரேஷன் நடந்தது. காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டுப் போட்டார்கள். நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை விவரம் மட்டுமே. வீடு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

வீடு ஏற்காட்டில். 20 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,500 மீட்டர் உயரம். நல்ல காதே ஏறி இறங்கும்போது அடைத்துக்கொள்ளும்; புதிதாக ஒட்டிய சவ்வு என்ன பாடுபடும்? அழுத்தத்தைச் சமன் செய்வது மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் குழாய். சளி பிடித்தால் அது அடைபடும். மலைக் குளிரில் சளிக்கா பஞ்சம்!

மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலைக்கு ஊற்றும்போது காதில் தண்ணீர் படக் கூடாது என்பதெல்லாம் மறுபரிசோதனையில்தான் தெரிந்தது. அப்புறம் பீடி, சிகரெட். புகைப்பவர்களுக்கு ஒட்டு பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகமாம். பக்கத்துப் படுக்கைக்காரர் மாடிப்படியில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார், பாவம்!

இவற்றையும், எப்போது மலையேறலாம் என்பதையும் தமிழில் அச்சடித்து சீட்டோடு கொடுத்தால் என்ன?

- ஒரு வாசகர், ஏற்காடு