பழைய வீதிகளுக்குச் சுண்ணாம்பும் வேண்டும், மனிதர்களும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நகர மையத்தைப் புதுப்பிப்பது என்றாலே முகப்புக்கு வண்ணம் பூசுவதில்தான் வேலை தொடங்குகிறது. பழைய கட்டடங்கள் பல சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. அந்தச் சுவர்கள் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உதிரத் தொடங்கும். பழுதுபார்ப்பதாக நினைத்துச் செய்கிற கேடு இது. தயவுசெய்து சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களைத் தேடி அழையுங்கள்.

அப்புறம், மரபு என்பது கட்டடம் மட்டுமல்ல. மக்களின் தொழிலையும் பழக்கவழக்கங்களையும் சேர்த்தே பார்க்கச் சொல்லி யுனெஸ்கோ 2011-லேயே பரிந்துரைத்தது. பூட்டிக் கிடக்கும் மாடிகளில் குடும்பங்கள் குடியேறட்டும். தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்துபவர்களுக்கு, வேலை தொடங்கும் முன்பே வாடகைப் பாதுகாப்பை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

- ஒரு வாசகர்