டாமி ஜான் டாக்டர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் விளையாட்டுக் காயங்கள் பற்றிய கட்டுரையில் 'டாமி ஜான் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டுபிடித்த முழங்கை அறுவை சிகிச்சை' என்று ஒரு வரி. டாமி ஜான் யார் என்று உங்களுக்கா தெரியாது? தெரிந்தும் எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

அந்த சிகிச்சைக்கு அவர் பெயர் வழங்குகிறது, அவ்வளவுதான். அவர் கத்தி பிடித்தவர் அல்ல, கத்திக்குக் கை நீட்டியவர். இண்டியானா மாநிலத்தில் 1943-இல் பிறந்த இடது கை பேஸ்பால் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். 1974 ஜூலை 17 அன்று லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக ஆடும்போது முழங்கைத் தசைநார் அறுந்தது. அந்த சீசனில் அதுவரை பிட்சராக அவர் கணக்கில் 13 வெற்றி, 3 தோல்வி. செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், ஜானின் வலது கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் கோத்துக் கட்டினார். மறுபடி ஆட நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று சொன்னதும் அதே ஜோப்தான். கட்டுரையில் அந்த மனிதரின் பெயரே இல்லை. நோயாளிக்கு டாக்டர் பட்டம் கொடுத்தாயிற்று, டாக்டரைக் காணவில்லை!

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பு ஒருமுறை முகக்கவசம் போட்டுக் குந்தியிருந்த கேட்சரின் (பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர்) படத்தைப் போட்டு, கீழே 'பந்து வீசத் தயாராகும் பிட்சர்' என்று எழுதினீர்கள். அதற்கு நான் எழுதிய நீண்ட கடிதத்தில் உங்களைப் பாராட்டிய முதல் வரி மட்டும் அச்சானது. அப்புறம் விளையாட்டுப் பகுதி இரண்டு பக்கத்திலிருந்து ஒன்றானது. அந்த ஒரு பக்கத்திலும் பாதி, கிரிக்கெட் வீரர்களின் கல்யாணப் படங்கள். சரி, விற்பனை என்று ஒன்று இருக்கிறது, புரிகிறது.

நான் வேலை நிமித்தமாக நியூ ஜெர்சியில் பல வருடங்கள் இருந்தவன். ஜான் நியூயார்க் யாங்கீஸ் அணியில் இருந்த கடைசி வருடங்களில் நேரிலேயே பார்த்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர். வேகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பந்து மட்டை அருகே வந்ததும் கீழே இறங்கும், அடித்தவர்கள் தரையில் உருட்டிவிட்டு முனகிக்கொண்டே போவார்கள். 1975 முழுக்க ஆடவில்லை, 1976-இல் திரும்பி வந்தார், 46 வயதில் 1989-இல்தான் ஓய்வு. மொத்தம் 288 வெற்றி. அதில் 164, சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. ஒரு சீசனில் 20 வெற்றி என்பதை மூன்று முறை தொட்டார், மூன்றும் அந்த ஒட்டுப்போட்ட கையால்.

இவ்வளவு இருந்தும் கூப்பர்ஸ்டவுனில் உள்ள ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் மன்றம், அவரை இன்னும் உள்ளே விடவில்லை. 300 வெற்றிக்கு 12 குறைகிறதாம்! கை போய் உட்கார்ந்திருந்த அந்த ஒன்றரை வருடத்தில் அந்த 12 வந்திருக்காதா? டாக்டர் ஜோப்பை 2013-இல் அங்கே அழைத்துக் கௌரவித்தார்கள். நல்லது, தகுதியானவர்தான். 1971 கடைசியில் டிக் ஆலன் என்ற வீரரைக் கொடுத்துத்தான் டாட்ஜர்ஸ் ஜானை வாங்கியது. 2024 டிசம்பரில் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக்கான ஒரே பட்டியலில் இருவர் பெயரும் வந்தது. ஆலன் தேர்வானார், ஜான் இல்லை. அங்கே அவர்கள் அப்படி, இங்கே நீங்கள் இப்படி.

கட்டுரையின் கடைசிப் பத்தியையும் விட மனமில்லை. 'சிகிச்சைக்குப் பின் கை முன்பைவிட வலுவாகிவிடும்' என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பள்ளி அணியில் பிட்சராக இருந்த என் மகனுக்கு முழங்கை வலி வந்தபோது ஒரு பயிற்சியாளர் இதையேதான் சொன்னார். ஏதோ காருக்குப் புது எஞ்சின் போடுகிற மாதிரி! பையன் அந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டு ஒரு வருடத்துக்குமேல் பந்தையே எறிய முடியாமல் கிடந்தான். திரும்பி வந்தபோது பழைய வேகமும் இல்லை, ஆசையும் இல்லை. ஓய்வே கொடுக்காமல் பிள்ளைகளை வருடம் முழுக்கப் பந்து போடவைப்பதுதான் வினை என்று டாமி ஜானே பலமுறை சொல்லியிருக்கிறார். அவரை டாக்டராக்கியவர் அந்த 'டாக்டர்' சொன்னதையாவது கேட்டிருக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம்: டாமி ஜான் பிட்சர், மருத்துவர் ஃபிராங்க் ஜோப். விளையாட்டுப் பக்கத்தில் இடமில்லை என்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
ஸ்ரீரங்கம்