"எல்லா மாட்யூலுக்கும் பொருந்தும்" என்று விற்கப்பட்ட எலக்ட்ரானிக் டிரம் பேடுகள் குறித்த புகார்

அனுப்புநர்:
டிரம்ஸ் பயிற்சி ஆசிரியர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: டாம் பேடுகளின் ரிம்மும் (விளிம்பு) ரைடு சிம்பலின் பெல்லும் (நடுக்குமிழ்) என் மாட்யூலில் (பேடுகளின் சமிக்ஞையை ஒலியாக மாற்றும் கருவியில்) ஒலிக்காமை, பேடுகளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் இணையக் கடையில் மெஷ் ஹெட் (வலைத் துணியாலான அடிக்கும் பரப்பு) பொருத்திய மூன்று டாம் பேடுகளையும், 12 அங்குல ஸ்னேர் பேடு ஒன்றையும், மூன்று மண்டலம் (தனித்தனி ஒலி எழுப்பும் பகுதிகள்) கொண்டது எனக் குறிப்பிடப்பட்டிருந்த ரைடு சிம்பல் பேடு ஒன்றையும் வாங்கினேன். இவற்றுள் ஸ்னேர் பேடு மட்டுமே எல்லா வகையிலும் சரியாக இயங்குகிறது. டாம் பேடுகளின் ரிம்மும் ரைடின் பெல்லும் என் மாட்யூலில் ஒலிப்பதில்லை. இதைத் தங்கள் சேவைப் பிரிவுக்குத் தெரிவித்தபோது, குறை என் அமைப்புகளில்தான் இருக்கிறது என்றும், பேடுகளில் பழுது ஏதும் இல்லாததால் திரும்பப் பெற இயலாது என்றும் பதில் வந்தது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதைத் தொழில்நுட்பக் காரணங்களோடு விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்துக்கொண்டு, வீட்டின் ஓர் அறையில் மாணவர்களுக்கு டிரம்ஸ் கற்பித்து வருகிறேன். ரப்பர் பேடில் குச்சி விழும்போது எழும் தட்டொலி சுவரைத் தாண்டிக் கேட்கும். நெடுநேரம் வாசித்தால் மணிக்கட்டுக்கும் நல்லதன்று. மெஷ் ஹெட்டில் அந்தத் தட்டொலி மிகக் குறைவு. டிரம் கீயால் இழுவையைக் கூட்டியோ குறைத்தோ, குச்சி எழும்பும் விதத்தை மாணவரின் கைக்கேற்ப மாற்றவும் முடியும். ஆகவே மெஷ் பேடுகளைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு மண்டலம் கொண்ட டாம் பேடுகளை வாங்கியதற்கும் காரணம் உண்டு. மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கப் போகும் மாணவர்கள், டாமின் தலைப்பகுதியில் டாம் ஒலியையும் ரிம்மில் கவ்பெல், வுட்பிளாக், கைதட்டல் போன்ற ஒலிகளையும் வைத்துக்கொண்டு, சிறிய கிட்டிலேயே பல தாள ஒலிகளை எழுப்பப் பழக வேண்டியிருக்கிறது. ரைடின் பெல் இல்லாமல் லத்தீன் தாளங்களை முறையாகக் கற்பிக்கவே முடியாது. ரிம்முக்கும் பெல்லுக்குமாகத்தான் நான் கூடுதல் விலை கொடுத்தேன் என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். தலைப்பகுதி மட்டும் ஒலித்தால் போதும் என்றால், தங்கள் கடையிலேயே குறைந்த விலையில் இருந்த ஒற்றை மண்டலப் பேடுகள் எனக்குப் போதுமானவையாக இருந்திருக்கும்.

வாங்குவதற்கு முன்பே என் மாட்யூலின் தயாரிப்பாளர் பெயரையும் மாதிரி எண்ணையும் குறிப்பிட்டு, இந்தப் பேடுகளின் எல்லா மண்டலங்களும் அதில் இயங்குமா எனத் தங்கள் விற்பனைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். எல்லா மாட்யூல்களிலும் இயங்கும் என்று எழுத்திலேயே பதில் கிடைத்தது. பொருளின் விற்பனைப் பக்கத்திலும் அதே உறுதிமொழி இருந்தது. எந்தத் தயாரிப்பாளரின் மாட்யூலில் எந்த மண்டலம் இயங்காது என்ற குறிப்பு அப்பக்கத்தில் எங்கும் இல்லை. அந்தப் பதிலின் படியையும் அப்பக்கத்தின் திரைப்பிடிப்பையும் இக்கடிதத்தோடு இணைத்துள்ளேன்.

"எல்லா மாட்யூல்களிலும்" என்று எந்த இரட்டை மண்டலப் பேடைப் பற்றியும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தலைப்பகுதியின் அடியை உணர்வது அநேகமாக எல்லாப் பேடுகளிலும் ஒரு பீசோ சென்சார்தான். அடியின் அதிர்வை அது சிறு மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. ரிம்மைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. ஒன்றில், ரிம்மின் அதிர்வை உணர இன்னொரு பீசோ சென்சார் வைக்கப்படுகிறது. மற்றொன்றில், ரிம்மின் ரப்பர் உறைக்கு அடியில் மெல்லிய சுவிட்ச் ஒன்று வைக்கப்படுகிறது. அடி விழும்போது அது ஒரு கணம் மூடிக்கொள்கிறது, அதைக் கண்டுதான் மாட்யூல் அடி ரிம்மில் விழுந்தது என்று தீர்மானிக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இரண்டிலும் இருப்பது அதே கால் அங்குல ஸ்டீரியோ ஜாக். அதே கேபிள் இரண்டிலும் பொருந்தும். ஆனால் பிளக்கின் நுனியில் தலைப்பகுதியின் சமிக்ஞை வர, நடு வளையத்தில் வருவது ஒன்றில் மின்னழுத்தம், மற்றொன்றில் சுவிட்ச் மூடும் திறக்கும் நிலை. மாட்யூலின் அந்த இன்புட் எதை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டதோ, அது மட்டுமே அங்கே வேலை செய்யும்.

என் மாட்யூலின் கையேட்டில் இது தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஸ்னேர் இன்புட் இரண்டு பீசோ கொண்ட பேடை ஏற்கும். டாம் இன்புட்கள் ஒரு பீசோவும் ஒரு சுவிட்ச்சும் கொண்ட பேடுகளுக்கு உரியவை. தாங்கள் அனுப்பிய டாம் பேடுகள் எந்த வகை என்பதை நான் ஊகத்தால் சொல்லவில்லை. பேடின் ஜாக்கில் ஸ்டீரியோ கேபிளைச் செருகி, மறுமுனைப் பிளக்கின் நடு வளையத்துக்கும் அடிப்பகுதிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, ரிம்மைச் சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்த்தேன். சுவிட்ச் இருந்தால் அழுத்தும் கணத்தில் மின்தடை சடாரென விழ வேண்டும், எங்கும் விழவில்லை. அதே இடத்தில் மீட்டரை மாறுதிசை மின்னழுத்த அளவில் வைத்து ரிம்மைத் தட்டியபோது முள் அசைந்தது. ஆக, ரிம்மில் இருப்பது பீசோ. இதற்கு மேலும் ஒரு சான்று உண்டு: அதே டாம் பேடை ஸ்னேர் இன்புட்டில் இணைத்து, மாட்யூலில் பேடு வகையை இரட்டை பீசோ என்று மாற்றியதும், ரிம் துல்லியமாக ஒலிக்கிறது. டாம் இன்புட்டில் இணைத்ததும் ரிம் மறைந்துவிடுகிறது. பேடு பழுதானதன்று, கேபிளும் பழுதானதன்று, மாட்யூலும் பழுதானதன்று. விற்றவர் சொன்ன சொல்தான் உண்மைக்கு மாறானது.

ரைடு சிம்பலின் நிலையும் இதுவே. வில் (சிம்பலின் அகன்ற மேற்பரப்பு), ஓரம், பெல் என்னும் மூன்று மண்டலங்களையும் மாட்யூலுக்குத் தெரிவிக்க வெவ்வேறு தயாரிப்பாளர்கள் வெவ்வேறு முறைகளைக் கையாளுகிறார்கள். யமஹாவின் முறையில் மூன்று மண்டலங்களும் ஒரே ஸ்டீரியோ கேபிள் வழியாகச் செல்கின்றன. ஓரச் சுவிட்ச்சையும் பெல் சுவிட்ச்சையும் அவற்றின் மின்தடை வேறுபாட்டைக் கொண்டு மாட்யூல் பிரித்தறிகிறது. ரோலண்டின் நெடுங்கால முறையில் ரைடுக்கு இரண்டு ஜாக்குகள் இருக்கும். வில்லும் ஓரமும் ஒன்றிலும் பெல் மற்றொன்றிலுமாக இரண்டு கேபிள்கள் மாட்யூலுக்குச் செல்லும். எனது மாட்யூல் இரண்டு கேபிள் முறையைச் சேர்ந்தது. தாங்கள் அனுப்பிய சிம்பலில் ஒரே ஒரு ஜாக்தான் இருக்கிறது; ஓரத்தை அழுத்தினால் ஒரு மின்தடையும் பெல்லை அழுத்தினால் வேறொரு மின்தடையும் மீட்டரில் தெரிகிறது. அதாவது, ஒற்றைக் கேபிள் மாட்யூலுக்காகச் செய்யப்பட்ட சிம்பல் அது. அதற்குரிய மாட்யூலில் அது அருமையாகவே ஒலிக்கக்கூடும். அதன் தரத்தை நான் குறை கூறவில்லை. என் மாட்யூலில் எந்த அமைப்பை மாற்றினாலும் பெல் ஒலிக்கப் போவதில்லை, ஏனெனில் அந்தச் செய்தி வந்து சேர வேண்டிய இரண்டாவது ஜாக்கே சிம்பலில் இல்லை.

இனி, தங்கள் சேவைப் பிரிவு அளித்த ஆலோசனைக்கு வருகிறேன். என்னை மிகவும் வருத்தியது இதுதான். டாம் இன்புட்டின் சென்சிட்டிவிட்டியை (அடியை உணரும் கூர்மையை) உச்சத்துக்கு உயர்த்தி, திரெஷோல்டை (ஒலி எழத் தேவையான குறைந்தபட்ச அடியளவை) அடிமட்டத்துக்கு இறக்கினால் ரிம் ஒலிக்கும் என்று எழுதியிருந்தார்கள். அவ்வாறு செய்தபோது ரிம்மை அடித்தால் ஏதோ ஓர் ஒலி வந்தது உண்மைதான். அது ரிம்முக்கு ஒதுக்கிய ஒலியன்று. ரிம்மின் அதிர்வு கூடு வழியாகப் பரவித் தலைப்பகுதியின் பீசோவை எட்டியதால் எழுந்த டாம் ஒலி. அந்த நிலையில் தலைப்பகுதியை மெதுவாகத் தட்டினாலும் முழு வேகத்தில் அடித்தாலும் ஏறக்குறைய ஒரே உரப்பில் ஒலிக்கிறது. மென்மைக்கும் வன்மைக்கும் இடையிலான படிகளைக் கற்பிப்பதே என் வேலையில் பாதி. அதை அழித்துவிடும் அமைப்பை எந்த ஆசிரியரும் மாணவர் முன் வைக்க முடியாது.

திரெஷோல்டை அவ்வளவு கீழே இறக்கியதால் இன்னொரு கேடும் விளைந்தது. எல்லாப் பேடுகளும் ஒரே ரேக்கில் (குழாய்ச் சட்டகத்தில்) கிளாம்ப் செய்யப்பட்டிருப்பதால், பக்கத்து டாமை அடிக்கும் அதிர்வும் கால் பெடலின் அதிர்வும் குழாய் வழியாகப் பரவி, அடிக்காத டாமை ஒலிக்கச் செய்தன. இதை மீண்டும் எழுதியபோது, கிராஸ்டாக் கேன்சலை (பக்கத்துப் பேடின் அதிர்வால் எழும் ஒலியைத் தடுக்கும் அமைப்பை) உயர்த்தும்படி பதில் வந்தது. உயர்த்தினால், இரண்டு பேடுகளை ஒரே நேரத்தில் அடிக்கும்போது மெல்லிய அடி விழுங்கப்படுகிறது. அடுத்து, ஓர் அடி இரண்டாக ஒலிப்பதைத் தடுக்க மாஸ்க் டைமை (ஓர் அடிக்குப் பின் அடுத்த அடியை மாட்யூல் ஏற்காத நேரத்தை) நீட்டச் சொன்னார்கள். நீட்டினால், ரோல் வாசிக்கையில் நெருங்கி விழும் அடிகளுள் சில கேட்பதே இல்லை. இந்த அமைப்புகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் மிகவும் பயனுள்ளவை. மெஷ் ஹெட்டை எதிரெதிர்த் திருகுகளாகச் சீராக இறுக்கி, சென்சிட்டிவிட்டியை மாணவரின் பலத்துக்கேற்ப வைத்து, அதன் பிறகு திரெஷோல்டையும் கிராஸ்டாக்கையும் சிறிது சிறிதாகச் சரிசெய்வதுதான் முறை. என் மற்றப் பேடுகளை அவ்வாறுதான் வைத்திருக்கிறேன். அடியின் அளவையும் நேரத்தையும் செப்பனிடவே இவை உள்ளன. சுவிட்ச்சை எதிர்பார்க்கும் இன்புட்டைப் பீசோவை ஏற்கும் இன்புட்டாக மாற்ற இவற்றால் ஆகாது. இது தங்கள் தொழில்நுட்பப் பணியாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இந்த ஆலோசனையைத் தொடர்ந்து அளித்திருந்தால், திரும்பப் பெறும் காலவரம்பு கடக்கும்வரை என்னை அலைக்கழித்ததாகவே அதைக் கொள்ள வேண்டியிருக்கிறது.

வேறு இரண்டு செய்திகளையும் நேர்மை கருதிக் குறிப்பிடுகிறேன். டாம் பேடு ஒன்றின் பெட்டியில் மோனோ கேபிள் வைக்கப்பட்டிருந்தது. பிளக்கில் ஒரே ஒரு கறுப்பு வளையம் இருந்ததைக் கொண்டு அதை அறிந்து, என்னிடமிருந்த ஸ்டீரியோ கேபிளைப் பயன்படுத்தியே மேற்சொன்ன சோதனைகள் அனைத்தையும் செய்தேன். ஆகவே கேபிளைக் காரணம் காட்டுவதற்கு இடமில்லை. அடுத்தது, மெஷ் பேடுகளின் நடுப்பகுதியில் அடித்தால் ஒலி சற்று ஓங்கிக் கேட்கிறது. சென்சார் கூம்பு நடுவில் வைக்கப்பட்ட பேடுகளின் இயல்பு அது. அதைக் குறையாக நான் கூறவில்லை.

"பழுது இல்லாத பொருளைத் திரும்பப் பெறுவதில்லை" என்பது தங்கள் விதி எனச் சேவைப் பிரிவு எழுதியிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020 அவ்வாறு சொல்லவில்லை. பழுதான பொருள்களை மட்டுமின்றி, விளம்பரத்தில் சொல்லப்பட்ட அல்லது ஒப்புக்கொள்ளப்பட்ட தன்மைகள் இல்லாத பொருள்களையும் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது என்று அவ்விதிகள் கூறுகின்றன. புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அலுவலர் அதன் பெறுகையை உறுதிசெய்ய வேண்டும் என்பதும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பதும் அவற்றிலேயே உள்ளன. தங்கள் சேவைப் பிரிவின் பதில்களை நான் தீர்வாகக் கருதவில்லை. குறைதீர்ப்பு அலுவலர் என்ற முறையில் தங்கள் பதிலையே எதிர்பார்க்கிறேன்.

நான் வேண்டுவது இதுதான். டாம் பேடுகள் மூன்றுக்கும் பதிலாக, ரிம்மில் சுவிட்ச் உள்ள பேடுகளையும், ரைடுக்குப் பதிலாக இரண்டு ஜாக்குகள் கொண்ட மூன்று மண்டலச் சிம்பலையும் தங்கள் செலவிலேயே மாற்றித் தர வேண்டும். அனுப்புவதற்கு முன், அவை என் மாட்யூலின் மாதிரியில் எல்லா மண்டலங்களிலும் இயங்குகின்றன என்பதைத் தங்கள் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் சோதித்து எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். அத்தகைய பேடுகள் தங்களிடம் இல்லையெனில், இந்த நான்கையும் என் வீட்டிலிருந்து எடுத்துச் சென்று, அனுப்பும் கட்டணத்தோடு முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். ஸ்னேர் பேடை நான் வைத்துக்கொள்கிறேன். பேடுகளின் பெட்டிகள், கிளாம்ப்கள், டிரம் கீ அனைத்தும் குறையின்றி இருக்கின்றன.

மேலும், விற்பனைப் பக்கத்தில் இருக்கும் "எல்லா மாட்யூல்களிலும் இயங்கும்" என்ற வரியை நீக்கி, ரிம்மில் இருப்பது பீசோவா சுவிட்ச்சா, ரைடு ஒற்றைக் கேபிள் முறையா இரட்டைக் கேபிள் முறையா என்பதை ஒவ்வொரு பேடுக்கும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். இதற்கு ஒரு வரி போதும். சிறுகச் சிறுகச் சேமித்து முதல் கிட்டை விரிவாக்கும் மாணவர்கள் பலர் என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்காது, ரிம் ஒலிக்காததற்குத் தங்கள் கைதான் காரணம் என்று எண்ணிவிடவும் கூடும். அவர்கள் எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்கும்போது தங்கள் நிறுவனத்தின் பெயரைத் தயக்கமின்றிச் சொல்லவே விரும்புகிறேன்.

விதிகள் குறிப்பிடும் ஒரு மாத காலத்துக்குள் தீர்வு கிடைக்காவிடில், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதோடு, கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். வாடிக்கையாளர் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. விலைச்சீட்டின் படி, விற்பனைப் பிரிவுடனான கடிதப் போக்குவரத்து, மாட்யூல் கையேட்டின் இன்புட் அட்டவணைப் பக்கம், சோதனைகளின் காணொளி ஆகியவற்றை இத்துடன் அனுப்பியுள்ளேன். பேடுகளை நேரில் பார்க்கத் தங்கள் பணியாளர் வர விரும்பினால், வகுப்பு இல்லாத காலை வேளைகளில் வரலாம். மாட்யூலோடு இணைத்தே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.