தம்பியின் நோட்டுகளைப் புத்தகமாக்கியவர்களுக்கு நன்றி

காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை சொந்தபந்தங்களுக்கு வணக்கம்.

தூக்குத் தண்டனைக் கைதியாக என் தம்பி புழல் ஜெயிலில் எழுதியது போன மாதம் புத்தகமாக வந்துவிட்டது. "ரெண்டு கொலை பண்ணவன் புத்தகத்துக்கு நன்றி மடல் வேறயா?" என்று எங்கள் தெருவிலேயே கேட்டார்கள். கேட்பது நியாயம்தான். அதனால் யாருக்கு, எதற்கு நன்றி என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் வக்கீலம்மா. செஷன்ஸ் கோர்ட்டில் தூக்கு என்றதும், அன்றைக்கே கயிறு மாட்டிவிடுவார்கள் என்று எங்கள் அம்மா கோர்ட் வாசலிலேயே விழுந்து புரண்டார். ஹைகோர்ட் உறுதி செய்யாமல் அந்தத் தண்டனையை நிறைவேற்ற முடியாது, காசில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசமாக வக்கீல் வைக்கலாம் என்று சொல்லி அம்மாவை எழுப்பி உட்காரவைத்தவர் இவர். பிறகு தூக்கு ஆயுளாகக் குறைந்தது.

எழுதியதை வெளியிட்டால் வம்பு வருமோ என்று பயந்தபோதும் அவரிடம்தான் போனேன். ஆட்டோ சங்கர் வழக்கைச் சொன்னார். சங்கர் ஜெயிலில் எழுதியதாக நக்கீரன் வெளியிடப் போன சுயசரிதையை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். முன்கூட்டியே தடுக்க அவர்களுக்கு அதிகாரமில்லை என்று 1994-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு சேலம் ஜெயிலில் சங்கரைத் தூக்கில் போட்டார்கள். ஆனால் அதே தீர்ப்பில், கோர்ட் ஆவணத்தைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்க்கைக்குள் போனால் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் இருக்கிறதாம். "சட்டம் விடுதுன்னு அந்த வீட்டுக்காரங்களைப் பத்தி இஷ்டத்துக்குப் போட்டுடாதீங்கம்மா" என்றார் வக்கீலம்மா.

அடுத்து எங்கள் கார்ப்பரேஷன் ஸ்கூல் டீச்சர். ரிட்டயர் ஆகிப் பல வருஷமாகிறது. தம்பியும் அவரிடம் படித்தவன், இறந்துபோன பையனும் அவரிடம் படித்தவன். ஜெயிலில் தம்பியைச் சந்திக்க மனு பார்க்கப் போகும்போது, ஜெயில் ஆபீசில் படித்து முத்திரை போட்டுக் கொடுக்கும் தாள்களை நான் வாங்கிவந்து டீச்சரிடம் தருவேன். முதலில் வந்ததெல்லாம் ஒரே கெத்து. யார் ஸ்கெட்ச் போட்டது, யார் எந்த முனையில் நின்றது, கத்தி எங்கே வாங்கியது! டீச்சர் அந்தப் பக்கங்களைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதினார்: "அந்தப் பையன் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவான்? அவங்க வீட்ல எத்தனை பேர்?" அடுத்த மனுவுக்குத் தம்பி வெறும் கையோடு வந்தான். அதற்கடுத்து வந்த தாளில் இரண்டே வரி: "தெரியாது டீச்சர். பேர் மட்டும்தான் சொன்னாங்க." புத்தகம் அந்த இரண்டு வரியில்தான் தொடங்குகிறது.

சகவாசத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறான். கேரம் போர்டைச் சுற்றி நின்றது, 'அண்ணன்' ஒருவர் ஷூவும் போனும் வாங்கிக் கொடுத்தது, அந்தக் கடனைக் கழிக்கச் சின்னச் சின்ன வேலை செய்தது என்று. (கேரம் போர்டைத் திட்டாதீர்கள். அதே விளையாட்டில்தான் செரியன் நகர்ப் பெண் காசிமா 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்தாள்.) அண்ணனும் சரி, கூட்டாளிகளும் சரி, ஒருத்தர்கூட இதுவரை மனு போட்டதில்லை. ஆனாலும் பழியை அவர்கள் தலையில் கட்டாமல், "கூப்பிட்டது அவங்க, போனது நான்" என்று எழுதியிருக்கிறான். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த இடத்தில் மட்டும் அவன்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

அந்தப் பையனின் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மகனோடு, தடுக்க ஓடிவந்த கொழுந்தனையும் பறிகொடுத்தவர். வழக்கெல்லாம் முடிந்தபிறகு டீச்சர்தான் நோட்டை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார். நான் தெருமுனையோடு நின்றுவிட்டேன். மகளை விட்டு முழுசும் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். மகன் பேரோ போட்டோவோ வரக்கூடாது, அவர் கோர்ட்டில் அழுததை எழுதிய பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்துவிட்டோம். அவன் கூரியர் வேலைக்குப் போனதாகத் தம்பி எழுதியிருந்ததையும் திருத்தினார்: "வேலைக்கெல்லாம் போகல. ஐடிஐ ரெண்டாவது வருஷம், ஃபிட்டர்." அதைப் புத்தகத்தில் போட்டிருக்கிறோம். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' அரங்கில் கைதிகளுக்காகப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனவர்களே, உங்களுக்கும் பெரிய கும்பிடு. தம்பிக்கு வாக்கியம் எழுத வந்தது அப்படி உள்ளே வந்த புத்தகங்களைப் படித்துத்தான். பாதிக் காசில் டைப் அடித்துக் கொடுத்த டிடிபி கடைத் தம்பிக்கும், கூட்டம் போட இடம் கொடுத்த கிளை நூலக அண்ணனுக்கும், அன்றைக்கு டீயும் சமோசாவும் வாங்கிவந்த ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களுக்கும் நன்றி.

விற்கிற காசில் அச்சுக் கூலி போக ஒரு ரூபாய்கூட எங்கள் வீட்டுக்கு வராது. டீச்சர் கையில்தான் கணக்கு இருக்கிறது. ஏரியா பையன்களின் பரீட்சை ஃபீஸுக்குப் போகிறது. காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் நூலகத்தில் படிக்கலாம், இரண்டு பிரதி வைத்திருக்கிறோம். யூடியூப் சேனல்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: வெட்டுக்குத்துக் கதை கேட்டு எனக்கு போன் போடாதீர்கள். அந்த அம்மா வீட்டுப் பக்கம் மைக்கைத் தூக்கிக்கொண்டு போகவே போகாதீர்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா,
காசிமேடு