0.80 என்றால் தண்ணீரைவிட நீர்த்தது என்று அர்த்தமில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளாஸ்டிக் மறுசுழற்சி பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். தேவையான கட்டுரைதான். ஆனால் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் இன்ட்ரின்சிக் விஸ்காசிட்டி 0.80, தண்ணீரின் பாகுத்தன்மை 1, அதனால் உருகிய பெட் தண்ணீரைவிடச் சுலபமாக ஓடும் என்று அதில் ஒரு வரி வந்துவிட்டது. உண்மையில் பாட்டில் தரத்துப் பெட் உருகி நிற்கும்போது தண்ணீரைவிட லட்சம் மடங்கு என்று சொல்லுமளவுக்குக் கெட்டியாக இருக்கும்.

தண்ணீரின் அந்த 1, சென்டிபாய்ஸ் என்ற பாகுத்தன்மை அலகில் சொல்லும் கணக்கு. பெட்டின் 0.80 டெசிலிட்டர்/கிராம் கணக்கு, அதாவது ஒரு கிராமுக்கு எவ்வளவு கன அளவு என்பது. பெயரில் விஸ்காசிட்டி இருந்தாலும் ஆய்வகத்தில் நாங்கள் ஐ.வி. என்று சொல்லும் இந்த எண் எந்தத் திரவத்தின் கெட்டித்தன்மையும் இல்லை. பெட் போன்ற பாலிமர்கள் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள். கரைப்பானில் அந்தச் சங்கிலி நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும், அந்தச் சுருள் தன் எடைக்கு எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது. சங்கிலி நீண்டால் எண் ஏறும். கரைசலின் பாகுத்தன்மையை மூலக்கூறு எடையோடு இணைக்கலாம் என்று 1930-இல் முன்வைத்தவர் ஹெர்மன் ஸ்டாடிங்கர், பின்னர் 1953-இல் வேதியியல் நோபல் பெற்றவர்.

அளக்கும் விதத்தைப் பார்த்தால் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒரு கோட்டிலிருந்து மற்றதுக்கு வெறும் கரைப்பான் இறங்க 100 விநாடி, டெசிலிட்டருக்கு அரை கிராம் பாலிமர் போட்ட கரைசல் இறங்க 142 விநாடி என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1.42. அதில் 1-ஐக் கழித்துச் செறிவால் வகுத்தால் 0.84, இது ரெட்யூஸ்டு விஸ்காசிட்டி. கழிப்பதற்குப் பதில் இயல் மடக்கை எடுத்து வகுத்தால் 0.70, இது இன்ஹெரன்ட் விஸ்காசிட்டி. செறிவைக் குறைத்துக்கொண்டே போய்ப் பூஜ்யத்தில் எங்கே வந்து நிற்கும் என்று கணக்கிட்டால் கிடைப்பதுதான் இன்ட்ரின்சிக், இந்த உதாரணத்தில் சுமார் 0.74. ஒரே பாலிமர், ஒரே குழாய், மூன்று எண்கள்! சரக்கோடு வரும் தரச்சான்றில் "விஸ்காசிட்டி 0.84" என்று மொட்டையாகப் போட்டிருந்தால் அதை வைத்து என்ன முடிவெடுப்பது? எந்த விஸ்காசிட்டி, எந்தக் கரைப்பான், எந்த வெப்பநிலை என்று மூன்றும் வேண்டும். கரைப்பானை மாற்றினாலே சுருள் விரியும் அல்லது சுருங்கும், எண்ணும் கூடவே மாறிவிடும். போதாததற்குச் சிலர் மில்லிலிட்டர்/கிராமில் எழுதுவார்கள், அப்போது இதே 0.80 எண்பது ஆகிவிடும்.

மருந்து அட்டைகளில் வரும் போவிடோன் கே-30 என்ற பாலிமரின் எண் கூட இந்தக் குடும்பம்தான். அந்த 30 சதவீதம் இல்லை, கரைசலின் பாகுத்தன்மையிலிருந்து கணக்கிட்ட கே மதிப்பு.

மறுசுழற்சிக்கு வருவோம், கட்டுரையின் மையமே அதுதானே. துணி இழைக்கு 0.60 முதல் 0.65 வரை ஐ.வி. இருந்தால் பொதுவாகப் போதும், பாட்டிலுக்கு 0.72-க்கு மேல் வேண்டும். பழைய பாட்டிலைத் துண்டாக்கிச் சரியாக உலர்த்தாமல் உருக்கினால் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் சங்கிலிகளை அறுத்துவிடும், ஐ.வி. இறங்கிவிடும். அப்புறம் அது இழைக்குப் போகும், இல்லையென்றால் உருகாத சூட்டில் வெற்றிடத்திலோ நைட்ரஜனிலோ பல மணி நேரம் வைத்து சங்கிலிகளை மறுபடி இணைத்து எண்ணை ஏற்ற வேண்டும். பழைய பாட்டில் மறுபடி பாட்டிலாகுமா, சட்டையாகுமா என்பதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு, கட்டுரையில் அது முழுக்க விட்டுப்போயிருக்கிறது.

மாணவர்கள் வெட்டி வைத்துக்கொள்ளும் பக்கம் அது. அடுத்த வாரமே அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள், 0.80-க்குப் பக்கத்தில் டெசிலிட்டர்/கிராம் என்ற அலகையும் சேர்த்து.

இப்படிக்கு,
பாலிமர் ஆய்வகத்தில் பணிபுரியும் வாசகர்